ஊறலும் தேறலும்

'ஊறல்' என்ற சொல்லை வகுப்பில் சொன்னால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுகிறது. குறிஞ்சிப்பாட்டு நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இது நிகழ்கிறது. மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் அந்தச் சொல்லை அறிந்தது நாளிதழ் வழியாகத்தான். மலையடிவாரத்தில் இத்தனை லிட்டர் சாராய ஊறல் கண்டுபிடித்து அழிக்கப்பட்டது என்ற செய்தியும், பிளாஸ்டிக் பேரலைச் சாய்த்துப் பிடித்திருக்கும் காவலரின் படமுமாக அச்சொல் அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது.

ஆனால் ஊறுதல் எத்தனை நல்ல வினை! உப்பு நீரில் நெல்லிக்காய் ஊறுகிறது. குழந்தையைக் கண்ட தாய்க்குப் பால் ஊறுகிறது. கற்கக் கற்கப் பெருகும் அறிவுக்கு, தோண்டத் தோண்ட மணற்கேணியில் ஊறும் நீரை உவமை சொன்னார் வள்ளுவர். ஒன்றை அவசரப்படுத்தாமல் விட்டுவைத்தால் அது தன்னிலிருந்து எதையோ வெளியே தரும் என்பதுதான் இந்த வினையின் உட்பொருள். அது ஒரு குற்றப்பிரிவின் பெயராகச் சுருங்கியதற்குப் பின்னால் நம்முடைய சமூக வரலாறு கொஞ்சம் இருக்கிறது. எங்கள் வீட்டு வரலாறும் இருக்கிறது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடி கொண்டது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவுறுத்தப் பாடியது என்பது மரபு. அதில் ஒரு சுனை வருகிறது. பழுத்த மிளகு உதிர்ந்து கிடக்கும் பாறையில் அமைந்த நீண்ட சுனை. அதில் மாங்கனிகள் விழுகின்றன. பறவைகள் கலைத்த தேன் சேர்கிறது. பலாப்பழம் வெடித்து நெகிழ்ந்து உள்ளே ஒழுகுகிறது. எல்லாம் ஒன்றாய்க் கலந்து விளைந்து தேறலாகிறது. அதைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்த மயில், திருவிழாவில் வாத்தியங்கள் முழங்கக் கயிற்றின்மேல் ஆடும் பெண்ணைப்போலத் தளர்ந்து நடக்கிறது.

மனிதக் கை படாத ஊறல் அது. இதை நடத்தும்போது நான் மாணவர்களிடம் வேளிமலையைச் சுட்டிக்காட்டுவேன். அதற்கும் வடக்கே குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போனால் மிளகு, மா, பலா மூன்றும் இன்றும் ஒரே புரையிடத்தில் நிற்கும். தேனுக்கு மார்த்தாண்டம் இருக்கிறது. கபிலரின் சுனைக்கு வேண்டிய சரக்கெல்லாம் நம் மாவட்டத்திலேயே கிடைக்கும் என்று சொன்னால், 'சரக்கு' என்ற சொல்லுக்கு மறுபடியும் ஒரு சிரிப்பு எழும்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். இன்று எல்லா மதுவுக்கும் அந்த ஒரே சொல்தான். சங்கத் தமிழில் அப்படி இல்லை. பிழிந்து எடுத்தது பிழி. அரித்து எடுத்தது அரியல். நெல்லிலிருந்து ஆக்கியது தோப்பி. அடி மண்டி படிந்து மேலே தெளிந்து நின்றது தேறல். நறவு என்றும் மட்டு என்றும் வேறு பெயர்களும் உண்டு. இவற்றில் பல, குடித்தவனின் மயக்கத்தைக் குறித்தவை அல்ல. செய்தவரின் வேலையைக் குறித்தவை.

அந்த வேலையையும் புலவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படை அரிசிக்கள் செய்யும் முறையையே சொல்கிறது. குத்தாத அரிசியைக் கூழாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். புறநானூற்றின் 120ஆம் பாட்டில், பறம்பு நாட்டு மக்கள் மண்ணில் புதைத்து முதிரவைக்கிறார்கள். 129ஆம் பாட்டில், மலைக்குறவர் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலை அருந்தி வேங்கைமர முற்றத்தில் குரவை ஆடுகிறார்கள். அது ஆய் அண்டிரனின் மலை. பொதியிலை ஆண்ட ஆய் வேளிரின் வழியில் வந்தவர்களே பிற்காலத்தில் நம் பார்த்திவசேகரபுரத்துக் கோயிலை எடுப்பித்தார்கள் என்பதால், அந்த மூங்கில் குழாய் நமக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதி அல்ல. மண்ணும் மூங்கிலும் சாடியும் எல்லாம் காத்திருப்பதற்கான பாத்திரங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் அந்தப் பாத்திரத்துக்குப் பரணி என்று பெயர். மற்ற ஊர்க்காரர்கள் ஜாடி என்பார்கள். கலிங்கத்துப்பரணி என்று நான் கரும்பலகையில் எழுதும்போது விளவங்கோட்டுப் பக்கத்து மாணவிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊறுகாய்தான். எனக்கு நினைவுக்கு வருவது அம்மாவைப் பெற்ற பாட்டியின் பரணி. மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாகப் பத்துப் படி கொள்ளும் பரணி.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது நீண்டகால வழக்கம். நவம்பர் பிறந்ததும் கருந்திராட்சை வாங்குவார்கள். இங்கே பலர் அதை முந்திரிப்பழம் என்பார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் முந்திரிப்பழ ஒயின் என்றதும் கொல்லாம்பழத்தை நினைத்துக்கொண்டு கோவா வழக்கமா என்று கேட்டார். அவர் கேட்டதும் முற்றிலும் தவறல்ல. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த கொல்லாமரத்தின் பழத்தைப் பிழிந்து, புளிக்கவைத்து, வாலையில் வடித்துக் கோவாக்காரர்கள் ஃபெனி ஆக்கினார்கள். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்றார்கள். அண்டிக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவோம்.

பாட்டியின் முறை எளியது. திராட்சையைக் கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்துவாள். பரணியில் ஒரு அடுக்குப் பழம், ஒரு அடுக்குச் சீனி. கொதித்தாறிய தண்ணீர், கொஞ்சம் கோதுமை, ஈஸ்ட், கிராம்பு, பட்டை. வாயைத் துணியால் வேடு கட்டி இருட்டறையில் வைத்துவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் மர அகப்பையால் ஒருமுறை கிளறுவாள். 21 நாள் கழித்து வடிகட்டி, மறுபடி வைத்து, மண்டி அடியில் இறங்கும்வரை தொடாமல் விடுவாள். சீனியைக் கருக்கி நிறம் சேர்ப்பது கடைசியில்.

இதனோடு சேர்ந்து நடக்கும் இன்னொன்று, கேக்குக்கான பழ ஊறல். உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் சர்க்கரையில் பாகான ஆரஞ்சுத் தோலும் ரம்மில் ஊறும். இரண்டும் ஒரே அறையில் இருந்தாலும் ஒரே செயல் அல்ல. முதலாவதில், நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையைத் தின்று மதுவை உண்டாக்குகிறது. மது 12, 15 சதவீதம் ஆகும்போது பெரும்பாலும் அந்த உயிரே அடங்கிவிடும். இரண்டாவதில் எதுவும் புதிதாக விளைவதில்லை. ஏற்கெனவே வடித்தெடுத்த மது, பழத்துக்குள் புகுந்து அதன் மணத்தையும் நிறத்தையும் வெளியே கொண்டுவருகிறது. நாரத்தைத் தோலின் எண்ணெய் தண்ணீரில் கரையாது, மதுவில் கரையும். பழத்தின் நீரோ மதுவுக்குள் இறங்கி அதன் கடுமையைத் தணிக்கும். ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் உறவு அது.

இப்போது இந்த இரண்டாவது முறை இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. பெங்களூரில் வேலைபார்க்கும் என் மகள் சென்ற ஆண்டு ஒரு படம் அனுப்பினாள். சன்னலோரத்தில் மூன்று கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் அன்னாசி, ஒன்றில் மாம்பழம், ஒன்றில் எலுமிச்சைத் தோல். மூன்றிலும் வோட்கா. "பாட்டியம்மையின் வேலையைத் தொடர்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஆசிரியப் புத்தி. வெயிலில் வைக்காதே, நிறமும் மணமும் போகும் என்று எழுதினேன். எலுமிச்சைத் தோலின் உட்புற வெள்ளையை நீக்கிவிடு, கசக்கும். பழம் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும், மேலே மிதப்பது பூசணம் பிடிக்கும். நம்நாட்டுக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் 42.8 சதவீதம் மது கொண்டவை. 750 மில்லியில் அரைக்கிலோ அன்னாசியைப் போட்டால், பழத்தின் நீரும் இறங்கியபின் அது ஏறத்தாழ 27 சதவீதமாகிவிடும். ஒரு கிலோ போட்டால் 20க்கு வந்துவிடும். அதற்கும் கீழே போனால் கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. அன்னாசிக்கும் மாம்பழத்துக்கும் நான்கைந்து நாள் போதும், பிறகு பழத்தை எடுத்துவிட வேண்டும். நம் செங்கவருக்கை மாம்பழம் கிடைத்தால் மணம் நன்றாயிருக்கும். மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையில் அதைக் குப்பிக்குள் போட்டுவிடாதே, குழைந்து கலங்கிவிடும், பிறகு வடிகட்டித் தெளியவைக்க ஒரு வாரமாகும்.

இத்தனையும் எழுதிய பிறகுதான், எழுதாமல் விட்டது எது என்று உறைத்தது.

பாட்டிக்கு ஒரே மகன். என் மாமா. நல்ல குரல், நல்ல கையெழுத்து, ஊரில் எவருக்கு மனு எழுதவேண்டுமென்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். 1994இல், 44ஆம் வயதில், ஈரல் கெட்டு இறந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் அவருடைய வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, பாட்டியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கள்ளுண்பவனின் முகம் பெற்ற தாய்க்கே இன்னாதது என்கிறது கள்ளுண்ணாமை அதிகாரம். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகனால்தான் முகத்தைக் காட்ட முடியவில்லை.

அடக்கம் முடிந்த வீட்டில் உறவினர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார், இந்த வீட்டில்தானே பரணி வைத்துப் பழக்கினார்கள் என்று. பாட்டி பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் திராட்சை வாங்கவில்லை. பரணியில் உப்பு போட்டு வைத்தாள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதில் உப்புதான் இருந்தது.

அந்த உறவினர் சொன்னது உண்மையா என்று நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். மாமா குடித்தது கடைச்சாராயமும் பிராந்தியும். பாட்டியின் ஒயினை அவர் பெரிதாக மதித்ததில்லை. அதில் ஏறாது என்பார். ஆனால் ஒரு நவம்பரில், கையில் காசில்லாத நாளில், பத்தாம் நாள் பரணியின் வேட்டை அவிழ்த்து நுரையும் தோலுமாகக் கிடந்ததை அவர் அள்ளிக் குடித்ததும் உண்மை. ஆகவே பரணி யாரையும் காப்பாற்றும் என்று நான் எழுத மாட்டேன். வீட்டில் செய்தது, பழத்தில் செய்தது, பாரம்பரியமானது என்ற சொற்களை ஈரல் அறியாது. மது அருந்துவதில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, இந்த விஷயத்தை ரசனையாக மட்டும் பேசுவதற்குக் கூச்சமாகவும் இருக்கிறது.

நான்காம் ஆண்டு பரணியைக் கீழே இறக்கியவள் மாமாவின் மனைவி. உப்பை வேறு பானைக்கு மாற்றி, பரணியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, பாட்டியிடம் வந்து சொன்னாள். "மாமி, இந்த வருசம் போடுங்க. அவியளுக்கு இது தெளியுத வரைக்கும் பொறுக்க முடிஞ்சிருந்தா அவிய இப்பமும் இருந்திருப்பாவ. பரணி ஒண்ணும் செய்யல்ல."

இதைவிட நல்ல உரையை நான் எந்த உரையாசிரியரிடமும் படித்ததில்லை. தேறல் என்பது தெளிந்தது. தேறுதல் என்பது மயக்கத்திலிருந்து மீள்வதும், துக்கத்திலிருந்து ஆறுவதும்தான். தேர்வில் தேறினான் என்கிறோம், நோயாளி தேறிவிட்டார் என்கிறோம். ஊறுவதற்கும் தேறுவதற்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது. பழைய சொற்கள் எல்லாம் அந்தக் காலத்தின் பெயர்கள். அதை முழுவதுமாக நீக்கிவிட்டால் மிஞ்சுவது போதை மட்டும். அதற்கு ஒரு சொல் போதும். சரக்கு.

அந்தக் காலத்தை நீக்கியதில் அரசுக்கும் பங்கு உண்டு. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் மது ஆக்குவது இன்றும் குற்றம். 1987 முதல் கள்ளும் தடைசெய்யப்பட்டது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. பனையேறியின் கலயத்தில் கிடப்பது அக்கானியா கள்ளா என்று சுண்ணாம்பைத் தொட்டுப் பார்க்கும் சட்டம், தன் கவுண்டரில் கால்புட்டியை அரை நிமிடத்தில் நீட்டுகிறது. களியக்காவிளையைத் தாண்டினால் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. கேரள அரசு 2022இல் பழங்களிலிருந்து சிறிய அளவில் ஒயின் தயாரிப்பதற்கு உரிமம் வழங்க விதிகளும் வகுத்தது. இங்கேயும் அப்படித் திறந்துவிட வேண்டும் என்று வாதாட எனக்குத் தெம்பில்லை. மாமாவின் மஞ்சள் கண்கள் குறுக்கே வருகின்றன. ஆனால் செய்யும் அறிவைக் குற்றமாக்கி, வாங்கும் பழக்கத்தை வருமானமாக்கிய ஏற்பாட்டை மதுவிலக்கு என்று அழைப்பதில் மொழியாசிரியைக்கு ஒரு மறுப்பு உண்டு.

நாஞ்சில் நாட்டுக்கு இதில் ஓர் இரட்டைமனம் எப்போதும் இருந்திருக்கிறது. உமர் கய்யாமை ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. மூலத்தில் வெறுமனே கவிதை நூல் என்று இருந்த இடத்தில் கம்பனைக் கையில் கொடுத்தார். மதுவைத் தொடாத எத்தனையோ பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லி உருகுவதை நான் கேட்டிருக்கிறேன். பாட்டில் ஊறினால் அது கவிதை, பரணியில் ஊறினால் அவமானம்.

ஔவை இந்தக் கூச்சம் இல்லாதவள். அதியமான் இறந்தபோது அவள் பாடிய கையறுநிலைப் பாட்டில் (புறம் 235) முதலில் நினைப்பது கள்ளைத்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட எங்களோடு சேர்ந்து மகிழ்வான் என்கிறாள். அந்த நினைவில் கள் ஓர் அளவுகோல். எவ்வளவு இருந்தது, யாருக்கு முதலில் போனது என்பதே செய்தி.

பாட்டியும் அப்படித்தான் அளந்தாள். கிறிஸ்துமஸ் காலையில் கோயிலிலிருந்து வந்ததும், பெருவிரல் உயரமுள்ள ஒரு கண்ணாடிக் குவளையில் எல்லோருக்கும் ஒரே அளவு. வயதில் மூத்தவருக்கு முதலில், பெண்களுக்கும் உண்டு, அண்டை வீட்டுக்குத் தனிக் குப்பி. இரண்டாவது முறை நீட்டிய கைக்கு அவள் ஊற்றி நான் பார்த்ததில்லை. மாமாவுக்கு ஊற்றும்போதும் அதே அளவுதான். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் எங்கே போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மகளிடம் இதையெல்லாம் அடுத்த நாள் தொலைபேசியில் சொன்னேன். மாமாவைப் பற்றி அவளுக்கு அதுவரை இதயநோய் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தோம். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, குப்பிகளைக் கொட்டிவிடட்டுமா என்று கேட்டாள். கொட்டச் சொல்லவில்லை. ஊறட்டும், ஆனால் நடுவில் ஒரு வேலைநாள் மாலையில் களைத்து வரும்போது அதைத் திறக்கத் தோன்றுகிறதா என்று மட்டும் பார், தோன்றினால் அன்றே கொட்டிவிடு, எனக்கும் சொல்லு என்றேன். பாட்டி 2008இல் இறந்தபின் பரணி சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. குவளை என்னிடம் இருக்கிறது. பெங்களூர் போகிற ஒருவரிடம் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.